ஹம்மிங்பேர்ட் எதை வைத்துச் சத்தம் போடுகிறது?

கேள்வி இதுதான். ஒரு அம்மா மகன் வீட்டுக்கு, கலிஃபோர்னியாவில் இருக்கும் சான் ஹோசே போயிருக்கிறார். பின்பக்கம் தொங்கவிட்ட சர்க்கரைத் தண்ணீர்க் குப்பிக்கு ஹம்மிங்பேர்ட் வரும், வரும்போதெல்லாம் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். சில நாள் காலையில் தலைக்கு மேலே எங்கிருந்தோ "ட்சீப்!" என்று ஒரே ஒரு சத்தம் வெடிக்கும், நிமிர்வதற்குள் அங்கே ஒன்றும் இருக்காது. மடிப்பாக்கம் திரும்பிய பிறகு, சாயங்கால வேளையில் வீட்டு இட்லிப்பூச் செடியில் அதே மாதிரி ரீங்காரம் கேட்கிறதாம். இதெல்லாம் வாயிலிருந்து வருகிறதா, இறக்கையிலிருந்தா, அந்தப் பறவை நம் ஊரிலும் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்.

நான் சாலிகிராமத்தில் சவுண்ட் மிக்ஸிங் வேலை பார்ப்பவன், ஞாயிற்றுக்கிழமை வந்தால் பைனாகுலரோடு பள்ளிக்கரணை, நன்மங்கலம் என்று கிளம்பிவிடுபவன். இரண்டு பைத்தியமும் சேரும் இடம் இந்தக் கேள்வி என்பதால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை, சென்னையில் ஹம்மிங்பேர்ட் கிடையாது. இந்தியாவிலேயே கிடையாது. சுமார் 360 வகை இருக்கின்றன, அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களில்தான். வடக்கே அலாஸ்காவிலிருந்து தெற்கே டியரா டெல் ஃபுவேகோ வரை. உங்கள் இட்லிப்பூவில் ரீங்காரமிடுவது பெரும்பாலும் ஒரு அந்துப்பூச்சி. ஹாக்மாத் என்பார்கள். பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடி நீளமான உறிஞ்சுகுழலை உள்ளே விட்டுத் தேன் குடிக்கும், சாம்பலோ பழுப்போ நிறத்தில் குண்டாக இருக்கும், பொழுது சாயும் நேரத்தில் அதிகம் தென்படும். "எங்கள் பால்கனியில் ஹம்மிங்பேர்ட்" என்று குடும்ப வாட்ஸப் குழுக்களில் சுற்றும் வீடியோக்களில் நான் பார்த்தவை எல்லாம் இதுதான். தலையில் இரண்டு உணர்கொம்பு தெரிந்தால் அது பூச்சி, அவ்வளவுதான் சோதனை.

இன்னொரு சந்தேகப் பிராணி தேன்சிட்டு. ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு மூன்றும் சென்னையில் சாதாரணம். வளைந்த அலகு, மினுக்கும் நிறம், தேன் குடிக்கும் பழக்கம் எல்லாம் ஹம்மிங்பேர்ட் போலவே இருக்கும், ஆனால் உறவு கிடையாது. ஒரே வேலை செய்து செய்து ஒரே சாயலுக்கு வந்துவிட்ட இரண்டு வேறு குடும்பங்கள். தேன்சிட்டு கிளையில் தொற்றிக்கொண்டுதான் பெரும்பாலும் குடிக்கும், நடுநடுவே சில நொடி அந்தரத்தில் நிற்கும், ஆனால் ரீங்காரம் வராது. உண்மையில் ஹம்மிங்பேர்டுக்கு நெருங்கிய சொந்தம் நம் ஊரில் வேறு ஒன்று இருக்கிறது: உழவாரன். பழைய கட்டடங்களையும் பாலங்களையும் பனை மரங்களையும் சுற்றி அரிவாள் மாதிரி இறக்கையோடு கிறீச்சிட்டுக்கொண்டு பறக்குமே, அது. பார்க்க ஒற்றுமையே தெரியாது, ஆனால் வகைப்பாட்டில் இரண்டும் ஒரே வரிசை.

சரி, சான் ஹோசேக்குப் போவோம். அங்கே வருடம் முழுக்க வீட்டுத் தோட்டங்களில் இருப்பது அன்னாஸ் ஹம்மிங்பேர்ட் என்ற வகை. நீங்கள் கேட்டது அனேகமாக அதைத்தான், நல்லவேளையாக சத்த விஷயத்தில் உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்ட ஹம்மிங்பேர்டும் அதுதான்.

அந்த "ம்ம்ம்" இறக்கையிலிருந்து வருகிறது. இதை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் இறக்கையில் எது எப்படிச் சத்தமாகிறது என்பது 2021 வரை சரியாக அளக்கப்படவில்லை. ஸ்டான்ஃபோர்டும் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். ஆறு அன்னாஸ் ஹம்மிங்பேர்டுகளை ஒவ்வொன்றாக ஒரு அறைக்குள் விட்டு, சர்க்கரைத் தண்ணீர் வைத்த செயற்கைப் பூ முன்னால் அந்தரத்தில் நிற்க வைத்து, சுற்றிலும் 2,176 மைக் வைத்தார்கள். நான் மொத்த டிரம் செட்டுக்கே பத்துப் பன்னிரண்டு மைக் வைத்தால் தயாரிப்பாளர் முறைப்பார். கூடவே அதிவேகக் கேமராக்கள், இறக்கை காற்றை அமுக்கும் விசையை அளக்கும் தகடுகள். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் முப்பரிமாணத்தில் ஒரு ஒலிப் படம் கிடைக்கிறது, எந்த இடத்திலிருந்து எந்தக் கணத்தில் என்ன சத்தம் புறப்படுகிறது என்று.

கிடைத்த விடை எளிமையானது. காக்கை புறா மாதிரி சாதாரணப் பறவை இறக்கையைக் கீழே அடிக்கும்போதுதான் உடலைத் தூக்கும் விசை கிடைக்கிறது, மேலே இழுப்பது ஏறக்குறைய வெறும் தயாரிப்பு. ஹம்மிங்பேர்டுக்குத் தோள் மூட்டு நன்றாகத் திரும்பும், அதனால் இறக்கையைக் கவிழ்த்துத் திரும்ப இழுக்கும்போதும் அது காற்றை அமுக்குகிறது. ரூஃபஸ் என்ற வகையை வைத்து 2005இல் அளந்தபோது எடையில் முக்கால் பங்கை முன்னடியும் கால் பங்கைப் பின்னடியும் தாங்குவதாகத் தெரிந்தது. அன்னாஸ் வினாடிக்குச் சுமார் 40 தடவை அடிக்கிறது, ஒவ்வொரு அடியிலும் இரண்டு தள்ளல். ஆக 40 ஹெர்ட்ஸிலும் 80 ஹெர்ட்ஸிலும் (ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு இத்தனை அதிர்வு) பலமான சத்தம், அதற்கு மேலே அவற்றின் மடங்குகள் வரிசையாக. சிறகு உரசுவதோ இறகு நடுங்குவதோ முக்கியக் காரணம் இல்லை. பறவையைத் தூக்கி நிறுத்துகிற அந்த அழுத்தம்தான் அப்படியே நம் காதுக்கும் வருகிறது. சத்தத்தை நிறுத்த வேண்டுமானால் அது கீழே விழ வேண்டும்.

கொசுவும் இதே முறையில்தான் நம்மைச் சாகடிக்கிறது. ஆனால் அது வினாடிக்குப் பல நூறு தடவை அடிப்பதால் சத்தம் நேராக நம் காது கூர்மையாக இருக்கும் பகுதிக்கு வந்துவிடுகிறது. ஹம்மிங்பேர்ட் மெதுவாக அடிப்பதால் அடிச்சுரம் தாழ்வாக இருக்கிறது, மேலே மடங்குகள் நிறைய இருப்பதால் செழிப்பாகவும் கேட்கிறது.

இங்கே ஒரு தொழில் விஷயம். மகன் அனுப்பிய வீடியோவை போனில் கேட்டு "நேரில் கேட்டது இப்படி இல்லையே" என்று தோன்றியிருந்தால் நீங்கள் நினைத்தது சரி. போனில் இருக்கும் குட்டி ஸ்பீக்கரால் 40 ஹெர்ட்ஸ், 80 ஹெர்ட்ஸ் எதையும் வெளியே கொண்டுவர முடியாது. மேலே உள்ள மடங்குகள் மட்டும் வருகின்றன, அடிச்சுரத்தை மூளையே கற்பனை செய்து நிரப்பிக்கொள்கிறது. நல்ல ஹெட்போனில் கேளுங்கள்.

எல்லா வகையும் ஒரே சுருதியில் ரீங்காரமிடாது. தென் அமெரிக்க மலைகளில் ஜயன்ட் ஹம்மிங்பேர்ட் என்று ஒன்று, 20 கிராம் எடை, வினாடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல் அடிப்பது அபூர்வம். அது மனிதக் காது சுரமாகக் கேட்கும் எல்லைக்குக் கீழே. ரீங்காரம் என்று சொல்ல முடியாது, படபடப்பு. மறுபக்கம் மிகச் சிறிய வகைகள் 80 வரை போகும். கியூபாவில் இரண்டு கிராம் எடையுள்ள ஒன்று இருக்கிறது, தூரத்திலிருந்து கேட்பவர்கள் வண்டு என்றே நினைத்துக்கொள்வார்களாம், பெயரும் தேனீயின் பெயர்தான்.

என்னைக் கேட்டால் இந்த ரீங்காரம் ஹம்மிங்பேர்ட் போடும் சத்தங்களிலேயே சுவாரஸ்யம் குறைந்தது. பறப்பதன் பக்கவிளைவு, அவ்வளவுதான். அது யாருக்கோ எதையோ சொல்ல நினைத்து எழுப்பும் சத்தங்கள் வேறு, அவற்றில் பாதி தொண்டையிலிருந்து வருவதே இல்லை.

உங்கள் "ட்சீப்" அப்படிப்பட்டது. குளிர்காலத்திலோ வசந்தத்தின் தொடக்கத்திலோ போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அன்னாஸுக்கு நவம்பர், டிசம்பரிலேயே இனப்பெருக்கக் காலம் தொடங்கிவிடும். ஆண் பறவை பெண்ணைப் பார்த்தால், சில சமயம் எதிரியைப் பார்த்தாலும், சுமார் 30 மீட்டர் உயரம் ஏறும். அங்கிருந்து தலைகீழாகப் பாயும். பாய்ச்சலின் உச்ச வேகம் கிட்டத்தட்ட வினாடிக்கு 27 மீட்டர், மணிக்கு நூறு கிலோமீட்டரை நெருங்குகிறது, ஒரு வினாடியில் தன் உடல் நீளத்தைப் போல 385 மடங்கு தூரம். பெண்ணுக்கு மேலே வந்ததும் வளைந்து மேலெழும்போது புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு வரை அழுத்தத்தைத் தாங்குகிறது. அந்த வளைவின் அடியில் வாலை ஒரு கணம் விரித்து மூடுகிறது. அப்போதுதான் அந்தச் சத்தம்.

தொண்டைச் சத்தமா வால் சத்தமா என்று இதில் பல பத்து வருடம் சண்டை நடந்தது. 1940இலேயே ஒருவர் வால் இறகை மூங்கில் பட்டையில் கட்டி வீசிப் பார்த்து "இது வால்தான்" என்று எழுதினார். 1979இல் இன்னொரு ஆய்வு, "இல்லை, உட்கார்ந்து பாடும் பாட்டிலும் இதே மாதிரி ஒரு சத்தம் வருகிறதே, அப்படியானால் தொண்டை" என்றது. நியாயமான வாதம். இரண்டு சத்தத்தையும் ஸ்பெக்ட்ரோகிராமில், அதாவது சத்தத்தின் சுருதியைப் படமாகக் காட்டும் வரைபடத்தில், பக்கத்தில் வைத்தால் அவ்வளவு ஒற்றுமை, இரண்டும் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம். காதை மட்டும் நம்பி எங்கிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது. டப்பிங்கில் தேங்காய் ஓட்டைத் தட்டிக் குதிரைக் குளம்பு ஆக்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

2008இல் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த கிறிஸ்டோபர் கிளார்க்கும் தெரெசா ஃபியோவும் இதைத் தீர்த்தார்கள். முறை மிக நேரடியானது. ஆண் பறவைகளைப் பிடித்து வாலின் ஓரத்து இறகை எடுத்துவிடுவது அல்லது நறுக்கிவிடுவது, பிறகு திரும்ப விட்டு அது பாய்வதைப் பதிவு செய்வது. பறவை வழக்கம் போல ஏறுகிறது, பாய்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை. இறகு சில வாரத்தில் முளைத்துவிடும், அதனால் பறவைக்குப் பெரிய நஷ்டம் இல்லை. எடுத்த இறகைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பாய்ச்சலின் வேகத்தில் காற்றை விட்டால் அதே சத்தம் வருகிறது. அதிவேக வீடியோவில் பார்த்தால் வால் விரிந்திருப்பது வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம், நாம் கண் சிமிட்டுவதை விடக் குறைவு. அதனால்தான் நீங்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒன்றும் இல்லை.

எனக்கு இதில் பிடித்தது, காற்று வெறுமனே இறகின் மேல் "உஸ்" என்று போவதில்லை என்பது. குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் இறகின் பின்விளிம்பு கொடி மாதிரி அடித்துக்கொள்ள ஆரம்பிக்கிறது, அந்த அதிர்வுக்கு ஒரு தெளிவான சுருதி இருக்கிறது. இறகின் வடிவம், எடை, விறைப்பு மாறினால் சுருதியும் மாறும். 2011இல் கிளார்க் மற்ற இருவரோடு சேர்ந்து பல வகை ஹம்மிங்பேர்ட் வால் இறகுகளைக் காற்றில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒரு சுரம், சில சமயம் பக்கத்து இறகும் கூடவே அதிர்ந்து சத்தத்தைக் கூட்டுகிறது. இதைப் படித்த பிறகு பறவையின் வாலை வெறும் சுக்கான் என்று பார்க்க முடியவில்லை.

அதே கலிஃபோர்னியாப் பகுதியின் பாலை நிலங்களில் காஸ்டாஸ் என்று ஒரு வகை. அதன் ஆணும் பாயும், ஆனால் பெண்ணின் தலைக்கு மேலாகப் பாயாமல் பக்கவாட்டில் தள்ளிப் பாயும். ஏன் இந்த வித்தியாசம் என்பதற்கு 2018இல் ஒரு அழகான விளக்கம் வந்தது. ரயில் நம்மைக் கடக்கும்போது ஹாரன் சத்தம் உயர்ந்து தாழ்கிறது இல்லையா, அந்த டாப்ளர் விளைவை வைத்து வருகிற பறவையின் வேகத்தைப் பெண் கணித்துவிடலாம். பக்கவாட்டில் பாய்ந்தால் அந்த உயர்வு தாழ்வு குறைந்துவிடும், வேகம் வெளியே தெரியாது. போதாததற்கு, சத்தம் போடும் கணத்தில் ஆண் தன் வாலைப் பெண் இருக்கும் பக்கமாகத் திருகிக்கொள்கிறது, ஸ்பீக்கரை ஆள் பக்கம் திருப்பி வைப்பது போல. வேகத்தை மறைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு அது செய்கிறதா என்பது வேறு பேச்சு. ஆனால் காதுக்கு என்ன போய்ச் சேருகிறது என்பதை அந்தப் பாதையே தீர்மானிக்கிறது.

வால் மட்டும் இல்லை. அமெரிக்காவின் ராக்கி மலைகளில் கோடையில் நடந்தால் எங்கிருந்தோ குட்டி மணி கிணுகிணுப்பது போல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பார்கள், பிராட்டெயில்ட் என்ற வகையின் ஆண். ரீங்காரத்துக்கு மேலே இது தனியாக ஒரு சத்தம், ஆணின் இறக்கை ஓரத்து இறகுகளின் நுனி மட்டும் மெலிந்து கூராக இருப்பதால் வருவது. பெண்ணுக்கு அந்த நுனி இல்லை, சத்தமும் இல்லை. 1983இல் வெளியான ஒரு ஆய்வில் சில ஆண்களின் அந்த இறகில் கொஞ்சம் பசை தடவி விசிலை மட்டும் அடக்கிவிட்டார்கள். பறப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சத்தம் போன ஆண்களால் தங்கள் இடத்தைக் காப்பாற்ற முடியவில்லை, மற்ற ஆண்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். அதாவது அந்தக் கிணுகிணுப்பு பறக்கிற நேரமெல்லாம் "இது என் இடம்" என்று போர்டு மாட்டி வைப்பது மாதிரி. குளிர்காலத்துக்குள் இறகு நுனி தேய்ந்து சத்தம் மங்கிவிடும், இறகு உதிர்ந்து புதிது முளைத்ததும் மறுபடி வரும்.

இதே வகை பாயும்போது விசில், வால் சத்தம், கழுத்தின் சிவப்பு மினுக்கல் எல்லாம் பெண்ணைக் கடக்கும் அந்த வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் ஒன்றாக வந்து விழும்படி நேரம் அமைகிறது என்று 2018இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெண் உட்கார்ந்திருக்கும் கோணத்திலிருந்து பார்த்தால் கழுத்து பளீர் சிவப்பாக இருந்து சட்டென்று கறுப்பாகிவிடும். பின்னணி இசையையும் காட்சி வெட்டையும் ஃபிரேம் பிசகாமல் சேர்க்கப் படாத பாடு படுகிற எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

இறகால் சத்தம் போடுவது ஹம்மிங்பேர்டுக்கு மட்டும் சொந்தமில்லை. குளிர்காலத்தில் பள்ளிக்கரணைக்கு வரும் விசிறிவால் உள்ளான் தன் ஊரில், வடக்கே, காதல் காலத்தில் வானத்திலிருந்து சரிந்து இறங்கும்போது வாலின் ஓரத்து இறகுகளால் கனைப்பது போல ஒரு சத்தம் எழுப்பும். இங்கே வந்தால் சேற்றில் மூக்கை விட்டுக்கொண்டு கிடக்கும், அந்தக் கச்சேரி நமக்குக் கிடைக்காது. மாடப்புறா கிளம்பும்போது வரும் படபட கைதட்டலை மட்டும் எல்லாக் கோயில் கோபுரத்திலும் கேட்கலாம்.

இப்போது தொண்டை. பறவைகளுக்கு மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் அடியில் சிரிங்ஸ் என்ற உறுப்பு இருக்கிறது, குரல் அங்கிருந்து. ஹம்மிங்பேர்ட் குப்பியைச் சுற்றி "ட்சிக் ட்சிக்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும், துரத்தும்போது அதுவே வேகமாக உருண்டோடும். பெரும்பாலும் வசவுதான், ஆளுக்கு ஆள் ஒத்துப்போகாத பறவைகள். இதற்கு மேலே ஆண் அன்னாஸ் கிளை நுனியில் உட்கார்ந்து பாடவும் செய்யும், பத்து வினாடி அளவுக்கு, துருப்பிடித்த கீலைப் பல விதமாக ஆட்டுவது போல ஒரு கரகரப்பு, நடுவில் சில விசில்கள். பாட்டு என்று சொன்னால் எங்கள் ஸ்டுடியோவுக்கு வரும் பாடகர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஆனால் அந்தக் கரகரப்பு பிறவியிலேயே வருவதில்லை, கற்றுக்கொள்வது. கோழிக்குஞ்சைத் தனியாக வளர்த்தாலும் அது வளர்ந்து கொக்கரிக்கும், கூவும். பாட்டைக் கேட்டுக் கற்கும் திறமை பறவைகளில் மூன்று கூட்டத்துக்குத்தான் உண்டு என்று நன்றாக நிறுவப்பட்டிருக்கிறது: கிளிகள், நம் தேன்சிட்டும் மைனாவும் சேர்ந்த பாடும் பறவைகள், பிறகு ஹம்மிங்பேர்டுகள். 1990இல் வெளியான ஓர் ஆய்வில் தனியாக வளர்ந்த அன்னாஸ் ஆணின் பாட்டு எளிமையாகச் சுருங்கி இருந்தது. சேர்ந்து வளர்ந்தவை ஒன்றின் பாட்டை ஒன்று பகிர்ந்துகொண்டன. 2000இல் மூளை ஆய்வாளர் எரிக் ஜார்விஸின் குழு பிரேசில் காட்டில் பாடிக்கொண்டிருந்த ஹம்மிங்பேர்டுகளின் மூளையைப் பார்த்தபோது, பாடும் வேலைக்கென்று ஏழு பகுதிகள் விழித்திருந்தன, கிளிக்கும் பாடும் பறவைக்கும் எந்த மாதிரி இடங்களில் இருக்கின்றனவோ கிட்டத்தட்ட அந்த மாதிரி இடங்களில். ஹம்மிங்பேர்ட் மற்ற இரண்டிலிருந்தும் வெகுதூரத்து உறவு என்பதை நினைவில் வைத்தால் இது எவ்வளவு வியப்பு என்று புரியும். முன்னே சொன்ன உழவாரன், இவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தும், கற்கும் கூட்டத்தில் சேராது என்றுதான் கருதப்படுகிறது.

கற்பதால் ஊருக்கு ஊர் பேச்சும் மாறுகிறது. ட்ரினிடாட் தீவுக் காடுகளில் லிட்டில் ஹெர்மிட் என்ற வகையின் ஆண்கள் ஒரு இடத்தில் கூடி, அவரவர் குச்சியில் உட்கார்ந்து, நாள் முழுக்கப் பாடும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறவை ஒரே பாட்டு, கொஞ்சம் தள்ளிப் போனால் வேறு பாட்டு. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலுமே இதை எழுதிவிட்டார்கள். நல்ல டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போவதே ஒரு மல்யுத்தமாக இருந்த காலம் அது.

நமக்குக் கேட்காத சத்தமும் உண்டா என்று அடுத்து கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பறவைகளுக்கு 8, 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே காது கேட்காது. இந்த விஷயத்தில் பறவையை விட நமக்குத்தான் காது நீளம். பிரேசிலின் அட்லாண்டிக் காடுகளில் பிளாக் ஜாக்கோபின் என்ற ஹம்மிங்பேர்ட் சராசரியாக 11.8 கிலோஹெர்ட்ஸில் குரல் கொடுக்கிறது என்று 2018இல் வெளியானது. கண்டுபிடித்தவர்களே முதலில் ஏதோ சில்வண்டு அல்லது மரத்தவளை என்று நினைத்தார்களாம். அந்தச் சுருதி அந்தப் பறவைக்கே கேட்குமா என்ற கேள்வி அங்கேயே நின்றது. இரண்டு வருடம் கழித்து இன்னொரு வகையில் பதில் கிடைத்தது. ஈக்வடார் மலைகளில் 3,500 மீட்டருக்கு மேலே வாழும் ஹில்ஸ்டார் என்ற ஹம்மிங்பேர்ட் காதல் பாட்டை 13.4 கிலோஹெர்ட்ஸில் பாடுகிறது. அதை ஒலிபரப்பினால் மற்ற ஹில்ஸ்டார் கழுத்தை நீட்டித் திரும்பிப் பார்க்கிறது, மூளையின் கேட்கும் பகுதியும் இயங்குகிறது. அப்படியானால் கேட்கிறது. மலைக்காற்று, ஓடை, மற்ற பறவைகள் எல்லாம் நிரப்பி வைத்திருக்கும் சுருதிகளுக்கு மேலே காலியாக இருக்கும் இடத்தை அது பிடித்துக்கொண்டிருக்கிறது. உயர்ந்த சுருதி தூரம் போகாமல் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் பக்கத்தில் இருப்பவர்களோடு மட்டும் பேசவும் வசதி.

13.4 என்றால் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் பழைய டியூப் டிவியை நினைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாலும், பக்கத்து அறையிலிருந்தே "டிவி ஓடுகிறது" என்று சின்னப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், பெரியவர்களுக்கு ஒன்றும் கேட்காது. அந்தக் கீச்சு 15.6 கிலோஹெர்ட்ஸ். ஹில்ஸ்டார் அதற்குக் கொஞ்சம்தான் கீழே. அறுபது வயதைத் தாண்டிய பெரும்பாலான காதுகளுக்கு இரண்டுமே எட்டாது, என் காதுக்கே இப்போது பதினான்கோடு கதவு சாத்திவிடுகிறது.

எல்லா உயர்ந்த சத்தத்துக்கும் அர்த்தம் தேடவும் கூடாது. புளூத்ரோட்டட் என்ற வகையின் பாட்டில் 30 கிலோஹெர்ட்ஸ் வரை சமாச்சாரம் இருக்கிறது, ஆனால் சோதித்தபோது 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அதன் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. வெறும் மிச்சம். இந்த மாதிரி இடத்தில்தான் பத்திரிகைகள் "ரகசிய மொழி" என்று தலைப்புப் போட்டுவிடுகின்றன.

குறட்டை விடும் ஹம்மிங்பேர்ட் என்று ஒரு வீடியோ சுற்றுகிறதே, அதுவும் பொய்யில்லை, பெருவில் எடுத்தது. மலைக்குளிரில் இரவைக் கடக்க இவை உடல் வெப்பத்தை அடியோடு இறக்கிவிட்டு ஒரு மயக்கத்தில் கிடக்கும். 2020இல் வெளியான அளவீட்டில் ஒரு வகை 3.3 டிகிரி செல்சியஸ் வரை போயிருக்கிறது, நம் வீட்டு ஃபிரிட்ஜின் குளிர். அதிலிருந்து மீண்டு வரும்போது மூச்சு வேகமாக வேண்டியிருக்கும், அந்த நேரத்துச் சத்தம் அது. கொஞ்சுவதற்கு அழகாக இருக்கிறது, ஆனால் பேச்சு இல்லை.

அடுத்த தடவை சான் ஹோசே போகும்போது நீங்களே பதிவு செய்ய நினைத்தால், போனில் வாய்ஸ் ரிக்கார்டரை அப்படியே நம்ப வேண்டாம். பேச்சுக்காகச் செய்த ஆப் என்றால் தாழ்ந்த ரீங்காரத்தை ஃபேன் சத்தம் என்று நினைத்து வெட்டி எறிந்துவிடும், இரைச்சலை நீக்கும் வசதியை அணைத்துவிட்டு, சுருக்காத வடிவத்தில், 48 கிலோஹெர்ட்ஸ் பதிவுத் தரத்தில் (இது சத்தத்தின் சுருதி இல்லை, ஆப்பில் இருக்கும் ஒரு அமைப்பு) எடுக்கச் சொல்லுங்கள் மகனிடம். குப்பிக்கு ஒரு முழத்துக்குள் போனை வைத்துவிட்டு நகர்ந்துகொண்டால் போதும், இவை ஆளுக்கு அவ்வளவாகப் பயப்படாது. பாய்ச்சலைப் பிடிக்க ஸ்லோமோஷன் வைத்தால் வினாடிக்கு 240 படம் கிடைக்கும், ஒரு இறக்கை அடிக்கு ஆறு படம். வாலை விரிக்கும் நேரத்துக்குப் பன்னிரண்டு. கண்ணுக்குத் தெரியாதது அதில் தெரியும், ஆனால் கேமராவை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதுதான் கஷ்டம். வெயில் இருக்கும் நாளில் அன்னாஸ் சூரியனைப் பார்த்தபடிதான் பெரும்பாலும் பாயும், கழுத்தின் நிறம் பெண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டுமே, அதனால் சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து நின்றுகொள்ளுங்கள்.

அதுவரை காத்திருக்க முடியாது என்றால் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்காலே நூலகத்திலும் பறவைச் சத்தங்களைச் சேர்த்து வைத்திருக்கும் செனோ கேண்டோ இணையதளத்திலும் இவை எல்லாமே இலவசமாகக் கேட்கக் கிடைக்கின்றன. அன்னாஸின் பாட்டையும் பாய்ச்சல் சத்தத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், 1979இல் அவர்கள் ஏன் தொண்டை என்று அடித்துச் சொன்னார்கள் என்பது புரியும். பிறகு காஸ்டாஸ். அதன் தொண்டைப் பாட்டும் வால் பாட்டும் மெல்லிய நீண்ட விசில்தான், எது எது என்று தலைப்பைப் பார்க்காமல் சொல்ல முயன்று பாருங்கள்.